மைதானத்தின் ஓரத்தில் எட்டுப் பருவங்கள்

2015ஆம் ஆண்டு எங்கள் மகன் ஒன்பது வயதுப் பிரிவில் ரக்பி லீக் விளையாடச் சேர்ந்தபோது, அந்த அணிக்குப் பயிற்றுநர் இல்லை. பதிவு நாளன்று கழகச் செயலாளர் பெற்றோரைப் பார்த்து, "உங்களில் யாராவது முன்பு விளையாடியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். நான் கையை உயர்த்தினேன். கண்டியில் படித்தபோது பாடசாலை ரக்பி அணிக்கு மூன்று ஆண்டுகள் ஆடியவன் நான். அந்த ஒரே தகுதியோடு பதினான்கு பிள்ளைகளைப் பொறுப்பெடுத்தேன். ஆடத் தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று மனதார நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை கலைய இரண்டு பருவங்கள் ஆயின.

நாங்கள் இருப்பது மேற்கு சிட்னியின் பெண்டில் ஹில்லில். வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என்று ரயில் பாதையை ஒட்டி ஈழத்தமிழர் நிறைந்து வாழும் பகுதி இது. துடுப்பாட்டம் தெரியாத தமிழ் வீடு இங்கே அரிது. ரக்பி லீக் என்றாலோ, எலும்பு முறியும் விளையாட்டு என்ற பயம். மகனைச் சேர்த்த செய்தி தெரிந்ததும் என் மாமியார் மூன்று நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. "பிள்ளையைப் பெற்று வளர்த்தது இதற்கா தம்பி?" என்று நான்காம் நாள் கேட்டார். அவருடைய பயத்தில் நியாயம் இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒன்று. ரக்பி என்ற பெயரில் இரண்டு விளையாட்டுகள் இருக்கின்றன. இலங்கையில் நாங்கள் அறிந்தது 15 பேர் ஆடும் ரக்பி யூனியன். 1890களில் இங்கிலாந்தின் வட பகுதியில் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள், சனிக்கிழமை ஆட்டத்துக்காக இழக்கும் கூலியைக் கழகங்கள் ஈடுசெய்ய வேண்டும் என்று கேட்டார்கள். ஆடுவதற்குக் காசு வாங்குவது தகாது என்று மேலிடம் மறுத்தது. 1895இல் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரில் ஒரு ஹோட்டலில் கூடிய வட பகுதிக் கழகங்கள் பிரிந்து தனியே போயின. அந்தப் பிரிவிலிருந்து வளர்ந்ததுதான் ரக்பி லீக். சில ஆண்டுகளில் ஆட்களின் எண்ணிக்கை 13 ஆனது. ஆட்ட முறையும் மாறியது. லீக்கில், பந்தை ஏந்தி ஓடுபவரை எதிரணி மடக்கி வீழ்த்திவிட்டால் (இதைத்தான் டேக்கிள் என்பார்கள்) அவர்மேல் குவிந்து பந்தைப் பறிக்க முடியாது. அவர் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னே உருட்டிவிட வேண்டும். ஓர் அணி இப்படி ஆறு முறை வீழ்த்தப்படலாம். ஆறாவது முடிந்ததும் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் 13 பேரும் ஓட வேண்டும், 13 பேரும் டேக்கிள் செய்ய வேண்டும். ஒளிந்துகொள்ள இடமே இல்லை. எங்கள் அணிப் பிள்ளைகளின் தந்தைமார் பலர் லொறி ஓட்டுநர்கள், கொங்கிரீட் போடுபவர்கள், இரவு வேலைக்காரர்கள். கூலிக்காகப் பிரிந்து வந்த அந்த விளையாட்டை இந்த மனிதர்கள் தங்களுடையதாக வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு நிறைவாக இருக்கும்.

முதல் பருவத்தில் நான் செய்த பெரிய தவறு, எனக்குத் தெரிந்த யூனியனை லீக்கில் சொல்லிக்கொடுத்தது. கீழே விழுந்தவன் பந்தை மார்போடு அணைத்துத் தன் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும், தோழர்கள் மேலே வந்து காக்க வேண்டும் என்று என் உடம்பு பதினாறு வயதில் கற்றிருந்தது. வாய் அதையே சொன்னது. பிள்ளைகள் நான் சொன்னபடி செய்தார்கள். நடுவர் விசிலுக்குமேல் விசில் ஊதினார். மூன்றாவது ஆட்டத்தில் நான் பொறுமை இழந்து எல்லைக் கோட்டிலிருந்து உரக்கக் கத்திவிட்டேன். ஆட்டம் முடிந்து கைகொடுக்கப் போனபோதுதான் அந்த நடுவரை அருகில் பார்த்தேன். பதினைந்து வயது இருக்கும். மேலுதடு நடுங்கிக்கொண்டிருந்தது, விசிலின் கயிற்றை விரலில் இறுக்கிச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையசைத்தானே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நடுவரிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பெற்றோர் கூட்டத்தில் நான் முதலில் சொல்வதும் அந்தப் பையனைப் பற்றித்தான்.

அந்த ஆண்டு ஒக்டோபரில், பருவம் முடிந்த களைப்பில் நான் இருந்தபோது, அவுஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் போட்டியில் ஆடும் பென்ரித் அணி தன் பயிற்றுநர் ஐவன் கிளியரியைப் பதவி நீக்கியது என்ற செய்தி வந்தது. எங்கள் பகுதி பரமட்டா அணியின் கோட்டை. பென்ரித் இன்னும் மேற்கே, நீல மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் போட்டி ஊர். ஆகவே அவர் மேல் எனக்குத் தனிப் பற்று எதுவும் கிடையாது. ஆனாலும் அன்றுமுதல் அவருடைய பாதையைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். எந்தப் பயிற்றுநர் வகுப்பையும்விட அதில் அதிகம் கற்றேன்.

ஆட்டக்காரராக கிளியரி மின்னல் நட்சத்திரம் கிடையாது. மேன்லி, நோர்த் சிட்னி, ரூஸ்டர்ஸ், பிறகு நியூசிலாந்து வாரியர்ஸ் என்று நான்கு கழகங்களுக்கு ஆடினார். பெரும்பாலும் ஃபுல்பேக், அதாவது எல்லாருக்கும் பின்னால் நிற்கும் கடைசி ஆள். கூடவே கோல் உதைப்பவர், அதாவது கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்துப் புள்ளி சேர்ப்பவர். 1998இல் ஒரே பருவத்தில் 284 புள்ளிகள் குவித்தது அன்றைய சாதனை. (பின்னாளில் அதைத் தாண்டி, 2004இல் 342 புள்ளிகள் குவித்தவர் ஹசெம் எல் மஸ்ரி. லெபனானில் பிறந்து சிறுவனாக சிட்னிக்கு வந்தவர். புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி சொல்லும் பெயர் அது.) ஆனால் ஆட்டக்காரராக ஒரு முறைகூட கிளியரி கிண்ணத்தைத் தொடவில்லை. அவருடைய கடைசி ஆட்டம் 2002 இறுதிப் போட்டி. வாரியர்ஸ் 30-8 என்று அவருடைய பழைய கழகமான ரூஸ்டர்ஸிடம் தோற்றது.

அதன்பின் நேராக உச்சிக்குப் போய்விடவில்லை. கீழ்நிலை அணியைப் பயிற்றுவித்தார், உதவிப் பயிற்றுநராக இருந்தார், 2006இல்தான் வாரியர்ஸின் தலைமைப் பயிற்றுநர் ஆனார். 2011 இறுதிப் போட்டி வரை அந்த அணியைக் கொண்டுபோனார், மேன்லியிடம் தோல்வி. பென்ரித்தில் நான்கு பருவங்கள், பிறகு நீக்கம். ஓராண்டுக்குமேல் வீட்டில் இருந்துவிட்டு வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்குப் போனார். ஒப்பந்தக் காலம் மீதி இருக்கையில் 2018 முடிவில் அங்கிருந்து விலகி மீண்டும் பென்ரித் திரும்பியது பலருக்கும் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. திரும்பிய முதல் ஆண்டு அணி இறுதிச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. 2020இல் இறுதிப் போட்டியில் மெல்பர்னிடம் 26-20 என்று தோல்வி. கணக்குப் பார்த்தால், ஒரு முறை வீரராக, இரண்டு முறை பயிற்றுநராக இறுதி நாளில் வெறுங்கையோடு திரும்பிய மனிதர். அப்போது அவருக்கு வயது 49.

2021, 2022, 2023, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளும் தொடர்ச்சியாகக் கிண்ணம் அவருடைய அணிக்கு. 1956 முதல் 1966 வரை பதினொன்றை வென்ற செயின்ட் ஜோர்ஜுக்குப் பிறகு அப்படி யாரும் செய்ததில்லை. 2022இல் 28-12 என்று தோற்றது எங்கள் பரமட்டா. 1986க்குப் பின் ஒரு கிண்ணத்துக்காக ஏங்கிக் கிடக்கும் ஊர் இது. அன்றிரவு எங்கள் தெருவே அமைதியாகிவிட்டது. அந்த வருத்தத்திலும் அந்த மனிதரின் வேலையை மதிக்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வோலி லூயிஸ் இந்த விளையாட்டின் அழியாப் புகழ் பெற்ற ஆட்டக்காரர் வரிசையில் வைக்கப்பட்டவர், குயின்ஸ்லாந்தின் அரசன் என்று கொண்டாடப்பட்டவர். 1992, 1993 பருவங்களில் அவர் பயிற்றுவித்த கோல்ட் கோஸ்ட் அணி இரண்டு முறையும் கடைசி இடம். பலவீனமான அணி அது, உண்மைதான். ஆனால் அவர் பயிற்றுவித்த குயின்ஸ்லாந்து மாநில அணியும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கு எதிரான 1993, 1994 தொடர்களைத் தோற்றது. பிறவிக் கலைஞனின் உடம்பு எதையும் படிப்படியாகக் கற்றதில்லை. படியே இல்லாமல் ஏறியவரால் மற்றவருக்குப் படி கட்டிக் கொடுக்க முடிவதில்லை என்று நான் நினைக்கிறேன். கிளியரி அரும்பாடுபட்டுப் படியேறியவர். அதோடு ஃபுல்பேக் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் முன்னால் இருக்கும் பன்னிரண்டு பேரும் தெரிவார்கள். பின்னால் நின்று பார்த்துப் பழகிய கண் அவருக்கு உதவியிருக்க வேண்டும்.

படி கட்டிக் கொடுப்பது எப்படி என்று எனக்கே தெரியாமல் திணறிய இரண்டாம் பருவத்தில்தான் இன்னொரு பையனின் விஷயம் நடந்தது. எங்கள் தமிழ்ப் பிள்ளைகளில் ஒருவன்; மெலிந்த உடல், நல்ல ஓட்டம். டேக்கிள் என்று வந்தால் மட்டும் சொதப்புவான். தோள் தப்பும், தலை எதிராளியின் முன்பக்கம் போய் மாட்டிக்கொள்ளும். அது ஆபத்தான நிலை. முழங்காலோ இடுப்போ நேராகத் தலையில் மோதும். "தலையைப் பின்னால் வை, கன்னம் அவன் பிட்டத்தில் ஒட்ட வேண்டும்" என்று நூறு முறை சொன்னேன். நானே செய்து காட்டினேன். பயனில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, எதிரே, மோதிப் பழகும் மெத்தைப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் இல்லாததால் நானே ஈரப் புல்லில் மண்டியிட்டேன். என் முகம் அவன் முகத்துக்கு நேராக வந்தது. அவன் ஓடி வந்தான். இரண்டு எட்டு இருக்கும்போது அவனுடைய இமைகள் இறுகி மூடிக்கொண்டன. அவ்வளவுதான் விஷயம். மோதும் நொடியில் அவன் எதையுமே பார்க்கவில்லை. நின்றபடி கட்டளையிட்ட எனக்கு ஒரு பருவம் முழுவதும் தெரிந்தது அவனுடைய தலைமுடி மட்டும்.

அன்றே முறையை மாற்றினேன். மெத்தைப் பட்டைக்கு மேலே ஒரு கையை உயர்த்தி, அவன் நெருங்கும் நேரத்தில் சில விரல்களைக் காட்டுவேன். மோதுவதற்குமுன் அவன் எத்தனை விரல் என்று உரக்கச் சொல்ல வேண்டும். முதலில் இருவரும் மண்டியிட்டு, அடுத்த வாரம் நின்று, பிறகு நடந்து, கடைசியாக மெதுவோட்டத்தில். எண்ணைச் சொல்ல வேண்டுமானால் கண் திறந்திருக்க வேண்டும். கண் திறந்திருந்தால் தலை தானாகவே பாதுகாப்பான பக்கம் போகிறது. ஐந்து வாரம் ஆனது. புதிதாகப் பயிற்றுவிக்கப் போகிறவர்கள் இந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: பிள்ளை ஒன்றைச் செய்யத் தவறினால், மீண்டும் செய்து காட்டுவதற்குமுன் முழங்காலிட்டு அவனுடைய முகத்தைப் பாருங்கள்.

2017இல் தலைமைப் பொறுப்பை விட்டுவிட்டு, அதே அணிக்கு உதவியாளனாக இருந்தேன். அந்தப் பருவம் அணியை எடுத்தவர் தொங்கா நாட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர். எங்கள் அணியில் அவருடைய பேரன் இருந்தான். ஆட்டத்துக்குமுன் பிள்ளைகளை வட்டமாக நிறுத்தித் தன் மொழியில் சின்னதாக ஒரு பிரார்த்தனை செய்வார். கத்தவே மாட்டார். ஒருவன் தவறு செய்துவிட்டு வெளியே வந்தால், "என்ன பார்த்தாய்?" என்று கேட்பார். அவன் யோசித்துச் சொல்லும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு சில சமயம் அரை நிமிடம் நீளும். பக்கத்தில் நிற்கும் எனக்கு விடையை நானே சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கும். பையன் தட்டுத்தடுமாறி, "இடது பக்கம் ஆள் இல்லை என்று பார்த்தேன், ஆனால் பந்தைக் கொடுக்கவில்லை" என்பான். "சரி, போ" என்பார் பெரியவர். அடுத்த முறை அவன் கொடுப்பான். எட்டுப் பருவங்களில் நான் பெற்ற நல்ல பயிற்சி அந்த ஓராண்டு உதவியாள் வேலைதான். வாய்ப்பு இருந்தால் முதல் ஆண்டை அப்படித் தொடங்குங்கள். என்னைப் போல் நடுவில் இறங்கி வர வேண்டியிருக்காது.

மகனைப் பயிற்றுவிப்பது பற்றி. கிளியரியின் மகன் நேதன் பென்ரித் அணியின் ஹாஃப்பேக், அதாவது ஆட்டத்தை வழிநடத்தும் ஆள். 2021இல் தந்தை பயிற்றுநர், மகன் இணைத்தலைவர் என்று சேர்ந்து கிண்ணம் வென்றார்கள். 2023 இறுதிப் போட்டியில் 24-8 என்று பின்தங்கி, கடைசி இருபது நிமிடத்துக்குள் 26-24 என்று வென்ற அணியை மகன்தான் முன்னின்று நடத்தினான். முடிவைத் தந்த ட்ரையும், அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்து எடுத்த புள்ளியும், அவனுடையது. அந்த நேரம் தொலைக்காட்சியில் தெரிந்த தந்தையின் முகத்தை நான் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. மூன்றாம் பருவத்துக்குப் பிறகு மகன், ஆட்டம் முடிந்ததும் தோழனின் காரில் வீட்டுக்கு வருவதாகச் சொல்லத் தொடங்கினான். நண்பர்கள்தானே என்று விட்டுவிட்டேன். சில வாரம் கழித்து அந்தத் தோழனின் தாய், எங்கள் யாழ்ப்பாணத்துப் பெண், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணா, குறை நினைக்காதீர்கள். எங்கள் காரில் யாரும் ஆட்டத்தைப் பற்றிக் கதைக்கமாட்டோம் என்று அவன் சொல்லிச் சந்தோஷப்படுகிறான்." எங்கள் காரில் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் அவன் தவறவிட்ட டேக்கிள்களை நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். மற்றப் பதின்மூன்று பிள்ளைகளுக்கும் அந்த இருபது நிமிடத் தண்டனை இல்லை. அன்றோடு நிறுத்தினேன். அவனாகக் கேட்டால் மட்டும் சொல்வேன். அவன் மீண்டும் எங்கள் காரில் ஏற இரண்டு மாதம் ஆனது. ஆட்டத்தைப் பற்றி அவனாக முதல் கேள்வி கேட்டது அடுத்த ஆண்டில்.

என் மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். 2019இல் அரையிறுதிக்கு முந்தைய வாரம் எங்கள் வேகமான பையன் ஒருவன் தலை தரையில் அடிபட்டு விழுந்தான். உடனே எழுந்து ஓடினான். வெளியே அழைத்தபோது நன்றாகத்தான் இருந்தான். ஸ்கோர் என்ன என்று என்னிடம் கேட்டான்; சொன்னேன். ஒரு நிமிடம் போகவில்லை, அதே குரலில் அதே கேள்வியை மறுபடியும் கேட்டான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அன்று அவன் மீண்டும் இறங்கவில்லை, அரையிறுதியிலும் ஆடவில்லை. அரையிறுதியில் அணி தோற்றது. "பையன் நன்றாகத்தானே இருக்கிறான்" என்று வாதாடிய அவனுடைய தந்தை அந்த ஆண்டு முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. மருத்துவரின் கடிதம் இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது என்பதில் நான் அசையவில்லை.

இப்போது விதிகள் இன்னும் தெளிவாக இருக்கின்றன. அவுஸ்திரேலிய விளையாட்டு நிறுவனத்தின் 2024 வழிகாட்டலின்படி, மூளை அதிர்ச்சி ஏற்பட்ட 19 வயதுக்குட்பட்ட பிள்ளை மோதல் உள்ள போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாட்கள் ஆக வேண்டும். மோதல் உள்ள பயிற்சிக்கே 14 நாட்கள் எந்த அறிகுறியும் இல்லாமல் கடந்திருக்க வேண்டும். 2023இல் அதே வோலி லூயிஸ், தொடர்ந்து தலையில் அடிபடுவதால் வரும் மூளைத் தேய்வு தனக்கு இருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் கண்டறிந்ததை வெளிப்படையாகச் சொன்னார். அதைக் கேட்ட அன்று அந்தப் பையனின் இரண்டாவது கேள்வி திரும்பவும் என் காதில் கேட்டது. இந்த விளையாட்டை நேசிப்பவர்கள்தான் இதில் முதலில் கண்டிப்பாக இருக்க வேண்டும். கிண்ணத்துக்காகப் பிள்ளையை இறக்கும் பயிற்றுநரிடமிருந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.

இந்தப் பருவம் பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்குச் சில விஷயங்கள். ஆடும் பருவம் குளிர்காலம் என்றாலும் பதிவு கோடையிலேயே தொடங்கிவிடும். பிந்தினால் அணியில் இடம் இருக்காது. பயிற்றுநராக உதவ விரும்பினால் பிள்ளைகளோடு பணியாற்றுவதற்கான அரசு அனுமதிச் சரிபார்ப்பை முதலில் செய்துகொள்ளுங்கள். தன்னார்வலருக்குக் கட்டணம் இல்லை. முதல் ஆண்டு விலை உயர்ந்த பூட்ஸ் வாங்க வேண்டாம், ஆறு மாதத்தில் கால் வளர்ந்துவிடும். பல கழகங்களில் பழைய பூட்ஸ் பெட்டி ஒன்று இருக்கும், கேளுங்கள். பல் காப்பை முதல் பயிற்சிக்கு முந்திய இரவே வெந்நீரில் இட்டுப் பிள்ளையின் பல்லுக்கு ஏற்பப் பொருத்திவிடுங்கள். மைதானத்தில் வந்து புதிதாகப் பொருத்தும் பிள்ளை அன்று முழுவதும் அதைத் துப்பிக்கொண்டே இருக்கும்.

அரைநேர இடைவேளைக்குத் தோடம்பழம் கொண்டுவரும் முறை ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டுக்கு வரும். தோலோடு நான்காக வெட்டி மூடியுள்ள பாத்திரத்தில் கொண்டுவாருங்கள். முதல் வாரம் அதைச் செய்பவர் என் மாமியார்தான். ஆட்டம் தொடங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் உட்கார்ந்திருப்பார். இடைவேளை விசில் கேட்டதும் பாத்திரத்தோடு கோட்டருகே வந்து, பதினான்கு பேருக்கும் தன் கையாலேயே எடுத்துக் கொடுப்பார்.